மேலே போனால் ஜில்லென்று இருக்குமா? ஹெலிகாப்டருக்குள் ஏ.சி போடும் கதை

தேர்தல் நேரத்தில் திண்டுக்கல் வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் போதும், பேகம்பூரில் பாதித் தெரு மொட்டை மாடிக்கு வந்துவிடும். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்த ஊர் என்று சொல்லப்படும் பகுதி அது. பெரிய பள்ளிவாசல், தோல் தொழில், பூட்டுத் தொழில், பக்கத்திலேயே மலைக்கோட்டைப் பாறை. சித்திரை வெயிலில் அந்தப் பாறையும் தகிக்கும், மாடித் தரையும் தகிக்கும். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளில் ஒன்று கட்டாயம் கேட்கும்: "அத்தா, அவ்வளவு மேல போனா ஜில்லுன்னு இருக்கும்ல?"

நியாயமான கேள்விதான். மேலே போகப் போகக் குளிரும் என்பதற்குத் திண்டுக்கல்காரர்களிடம் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது, கொடைக்கானல். ஊர் சமவெளியில் கிடக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். கீழே 38 டிகிரி கொளுத்தும் நாளில் அங்கே ஸ்வெட்டர் தேடுகிறோம்.

ஆனால், தலைவரை ஏற்றிவரும் ஹெலிகாப்டர் கொடைக்கானல் உயரத்தில் பறப்பதில்லை. இப்படியான குறுகிய பயணங்களில் தரையிலிருந்து சில நூறு மீட்டர்தான். வெளியே இரண்டு, மூன்று டிகிரி குறையும். உள்ளேயோ, ஏ.சி இல்லாவிட்டால், வெளியில் இருப்பதைவிடப் பத்து டிகிரிகூட அதிகமாகிவிடும். மாடியில் நிற்கும் பிள்ளையைவிட மேலே உட்கார்ந்திருக்கும் விமானிக்குத்தான் அதிகம் வியர்க்கும்.

நான்கு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேல் அடுப்பு

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியிருப்பீர்கள். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. காரில் பாதி உயரத்துக்காவது தகரம் உண்டு. ஹெலிகாப்டரின் முன்பக்கம் கிட்டத்தட்ட முழுக்கக் கண்ணாடி. காலுக்குக் கீழேகூடப் பல ரகங்களில் கண்ணாடிதான். தரையைப் பார்த்து இறங்க வேண்டிய வண்டி, வேறு வழியில்லை.

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. ஒரு சிறிய அயர்ன்பாக்ஸுக்குச் சமம். சூரியனைப் பார்த்தபடி இரண்டு, மூன்று சதுர மீட்டர் கண்ணாடி இருந்தால் இரண்டு அயர்ன்பாக்ஸ்கள் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒவ்வொருவரும் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுவார். ஐந்து பேர் என்றால் 500 வாட். விமானிக்கு முன்னால் இருக்கும் திரைகளும் ரேடியோக்களும் தம் பங்குக்கு. இவையெல்லாம் போதாதென்று, பயணிகளின் தலைக்கு நேர் மேலே, ஒரு மெல்லிய கூரைக்கு அந்தப் பக்கம், எஞ்சினும் இறக்கையைச் சுற்றவைக்கும் பெரிய கியர்பாக்ஸும் உட்கார்ந்திருக்கின்றன.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நான்கு, ஐந்து கிலோவாட் வெப்பம். வீட்டு பாஷையில் ஒன்றரை டன் ஏ.சி. நம் வீட்டில் ஒரு படுக்கையறை முழுவதையும் குளிர்விக்கும் அளவு. இங்கே அது இரண்டு ஆட்டோவை ஒட்டவைத்தது போன்ற ஓர் இடத்துக்கு. அப்படியும் சில நேரம் போதாது.

இதைச் சொகுசு என்று ஒதுக்கிவிட முடியாது. தலைக்கவசம், தீப்பிடிக்காத முழு உடை, கையுறை, சீட் பெல்ட் என்று இறுகக் கட்டிக்கொண்டு உட்காரும் விமானிக்கு வியர்வை உலர வழியில்லை. உடம்பில் நீர் வற்றினால் கவனம் சிதறும், முடிவெடுப்பது தாமதமாகும். மின்கம்பிகளும் மரங்களும் இருக்கும் ஒரு மைதானத்தில் இறங்கும்போது அந்தத் தாமதத்துக்கு இடமில்லை. பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் உட்பட உலகின் பல ஆய்வுக்கூடங்கள் விமானிகளின் உடலில் வெப்பம் செய்யும் வேலையைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருவது இதனால்தான்.

தேவைப்படும் நேரத்தில் தெம்பு இருக்காது

அப்படியானால் ஒரு ஏ.சியைத் தூக்கி மாட்டிவிட வேண்டியதுதானே? இங்கேதான் ஹெலிகாப்டர் முரண்டு பிடிக்கிறது.

காற்று சூடானால் லேசாகும். 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று சுமார் 8 சதவிகிதம் அடர்த்தி குறைந்தது. ஹெலிகாப்டர் காற்றைப் பிடித்துத்தான் தொங்குகிறது. பிடிப்பு குறைந்தால் தூக்கும் எடை குறையும். எஞ்சினும் அதே லேசான காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதற்கும் மூச்சு வாங்கும். ஆக, ஏ.சி அதிகம் வேண்டிய அதே மதிய வேளையில்தான் ஏ.சியைச் சுமக்கவும் ஓட்டவும் ஹெலிகாப்டருக்குத் தெம்பு குறைவு. சம்பளத் தேதிக்கு முந்தைய வாரத்தில் விருந்தாளி வருவது மாதிரி.

இந்தியாவில் ஹெலிகாப்டர் வடிவமைப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஹெச்.ஏ.எல் நிறுவனம் தன் இலகு ரக போர் ஹெலிகாப்டரை, இன்றைக்கு 'பிரசண்ட்' என்று அழைக்கப்படுவதை, 2015 ஜூனில் ஜோத்பூர் பாலைவன வெயிலுக்குக் கொண்டுபோய் சோதித்தது. மூன்று டன் எடைப் பிரிவில் அதே நிறுவனம் உருவாக்கிய எல்.யூ.ஹெச் ஹெலிகாப்டருக்கு 2018-ல் நாக்பூரில் வெப்பச் சோதனை, 2019-ல் லே நகரில் குளிர்ச் சோதனை. கடல் மட்டச் சோதனைகளுக்குத் தேர்ந்தெடுத்த ஊர்கள் சென்னையும் புதுச்சேரியும். நாக்பூர் வெயிலிலும் லே பனியிலும் ஒரே வண்டி பறந்தாக வேண்டும். இப்படிப்பட்ட தேவை உலகில் அதிக நாடுகளுக்கு இல்லை. நமக்குப் பக்கத்திலேயே, கோவை சூலூர் தளத்தில் இருந்து பறக்கும் 'சாரங்' சாகசக் குழுவின் மயில் வண்ண துருவ் ஹெலிகாப்டர்களும் இந்த வெயிலில்தான் குட்டிக்கரணம் போடுகின்றன.

சிறிய ஹெலிகாப்டரில் ஏ.சி அமைப்பு முப்பது, நாற்பது கிலோ வரை எடை பிடிக்கும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை. ஏ.சி ஓடாத மழைக்காலத்திலும் அந்தப் பிள்ளை இறங்காமல் கூடவே பயணிக்கும், எரிபொருளைத் தின்றுகொண்டு.

மண்பானையும் சைக்கிள் பம்பும்

குளிர வைக்க மனிதனுக்குத் தெரிந்த வழிகளில் இரண்டுதான் ஹெலிகாப்டருக்குள் ஏறியிருக்கின்றன. இரண்டும் நம் வீட்டு வாசலிலேயே உண்டு.

முதல் வழி மண்பானை. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டைத் திருடிக்கொண்டு போகிறது. வீட்டு ஏ.சி, கார் ஏ.சி, ஃபிரிட்ஜ் எல்லாமே இந்த வேலையைத்தான் செய்கின்றன. தண்ணீருக்குப் பதிலாகச் சுலபத்தில் ஆவியாகும் ஒரு வாயு. கூலிங் காயிலில் அது ஆவியாகி அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளியே தள்ளும். கன்டென்சரில் சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகி உள்ளே வரும். பானையில் நீர் குறைந்துகொண்டே போகும். இங்கே ஒரே வாயு சுற்றிச் சுற்றி வரும்.

இரண்டாவது வழி சைக்கிள் பம்ப். டியூபுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். அழுத்தினால் காற்று சூடாகும். மாறாக, அழுத்தி வைத்த காற்றைத் திறந்துவிட்டால் அது விரிந்து குளிரும். டியூபில் இருந்து காற்றைப் பிடுங்கிவிடும்போது வால்வில் விரல் வைத்தவர்களுக்குத் தெரியும். 1840-களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஜான் கோரி என்ற மருத்துவர் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க இந்த முறையில் ஓர் இயந்திரம் செய்து, 1851-ல் காப்புரிமையும் வாங்கினார். பணம் போட ஆள் கிடைக்காமல் நான்கு ஆண்டுகளில் இறந்தும் போனார். இன்றைக்கு நாம் ஏறும் பெரும்பாலான பயணிகள் விமானங்களில் உள்ளே வரும் குளிர்காற்று அவருடைய தத்துவத்தில் வருவதுதான். எஞ்சினில் ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி, ஆறவைத்து, ஒரு சிறு டர்பைனில் விரியவிட்டால் ஜில்லென்று வெளியே வரும்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. குளிர்விக்கும் வாயு வெறும் காற்று. கசிந்தால் என்ன, கொட்டினால் என்ன? பூமிக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஜெர்மனியின் ஐ.சி.இ-3 அதிவேக ரயில்களில்கூட இந்தக் காற்று ஏ.சியைப் பொருத்தினார்கள்.

ஹெலிகாப்டருக்கு இதையே வைத்துவிட்டால்? வைக்கலாம், பல ராணுவ ஹெலிகாப்டர்களில் வைத்தும் இருக்கிறார்கள். ஆனால், எஞ்சின் மூச்சு வாங்கும் நேரத்தில் அதன் வாயிலிருந்தே காற்றைப் பிடுங்க வேண்டும். தரையிலிருந்து எழும்பும்போதும் அந்தரத்தில் நிற்கும்போதும் அந்தக் காற்றை எடுக்கக் கூடாது என்று பல ரகங்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கும். அதாவது, விமானிக்கு அதிகம் வியர்க்கும் நேரத்தில் ஏ.சி ஆஃப். அதோடு, அதே குளிர்ச்சிக்கு இந்த முறை மண்பானை முறையைவிட அதிகச் சக்தி கேட்கும். அந்தச் சக்தியும் எரிபொருளில் இருந்துதான் வர வேண்டும். கசிவில் மிச்சப்படுத்திய புண்ணியம் புகைக்குழாய் வழியே போய்விடும். அதனால்தான் சின்ன ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் மண்பானைதான், அதாவது வாயு நிரப்பிய ஏ.சிதான்.

அந்த வாயுவின் ஜாதகம்

வாயு என்றதும் வரிசையாக வழக்குகள் வரும். 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் ஃப்ரியான் வாயுக்களைக் கண்டுபிடித்தபோது உலகம் கொண்டாடியது. நச்சு இல்லை, தீப்பிடிக்காது. பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று கண்டுபிடித்தவரும் இதே மிட்ஜ்லிதான் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை விழுந்ததே உறுதியானது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம்.

அடுத்து வந்தது ஆர்-134ஏ. ஓசோனைத் தொடாது. 1990-களில் கார்கள் எல்லாம் அதற்கு மாறின, ஹெலிகாப்டர்களும்தான். இன்று பேகம்பூர் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையில் கார் ஏ.சிக்கு "கேஸ் அடிக்கும்போது" உள்ளே போவதும், பெரும்பாலான ஹெலிகாப்டர் ஏ.சிகளில் ஓடுவதும் இந்த ஒரே வாயுதான்.

ஆர்-134ஏ ஓசோனை விட்டுவிட்டது. பூமியைச் சூடாக்குவதை விடவில்லை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஒரு காரில் சுமார் அரைக் கிலோ வாயு இருக்கும். அது மொத்தமும் காற்றில் போனால் 715 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. 310 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்கு ஐந்து முறை காரில் போய்வந்ததற்குச் சமம். "புஸ்" என்று ஒரு நிமிடத்தில்.

காரைவிட ஹெலிகாப்டரில் கசிவுக்கு வாய்ப்பு கூடுதல். காரணம், அதிர்வு. இறக்கைகள் சுற்றும் ஒவ்வொரு நொடியும் உடம்பு முழுவதும் நடுங்கும் வண்டி அது. ஒவ்வொரு குழாய் இணைப்பும், ஒவ்வொரு ரப்பர் ஓ-ரிங்கும் அந்த நடுக்கத்தில் தேயும். பழைய பாணியில் கம்ப்ரஸரை பெல்ட் போட்டு எஞ்சினோடு சுற்றவைத்தால், அதன் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அச்சைச் சுற்றியுள்ள சீல்தான் வாயு நழுவும் முதல் ஓட்டை. மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, வெறும் வயர் மட்டும் வெளியே வரும்படி செய்தால், நம் வீட்டு ஃபிரிட்ஜ் போல, அந்த ஓட்டையே இல்லாமல் போகும். இருபது வருட ஃபிரிட்ஜுக்குக் கேஸ் அடிக்காத வீடுகள் எத்தனையோ உண்டு. கார் ஏ.சிக்கு அப்படி ஒரு பெருமை கிடையாது.

மின்சார கம்ப்ரஸர் என்ற இந்த ஒரு மாற்றம், எந்தப் புது வாயுவையும்விடப் பெரிய காரியம். கசியாத ஏ.சியில் உள்ளே எந்த வாயு இருந்தாலும் அது வானத்துக்குப் போவதில்லை.

மாப்பிள்ளை தேடும் படலம்

ஆனாலும் வாயுவை மாற்றியே ஆக வேண்டும். 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் கூடி, ஆர்-134ஏ குடும்பத்தைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. இந்தியா 2021 செப்டம்பரில் அதை உறுதிசெய்தது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கிடையாது. அந்தச் சட்டம் கார்களையும் சிறு வேன்களையும் பற்றியது, ஹெலிகாப்டரைத் தொடவில்லை. ஆனால், கார்கள் கைவிட்ட வாயுவை ஒரு சில ஆயிரம் ஹெலிகாப்டர்களுக்காக யார் மலிவாகத் தயாரித்துக்கொண்டிருப்பார்கள்? ஒரு ஹெலிகாப்டர் முப்பது, நாற்பது வருடம் பறக்கும். இன்று வரைபலகையில் இருப்பது 2060-லும் பறந்துகொண்டிருக்கும். அன்றைக்குக் கேஸ் கிடைக்க வேண்டும்.

வரன்கள் மூன்று. மூன்றிலும் ஏதாவது ஒரு தோஷம்.

ஆர்-1234ஒய்எஃப். பூமியைச் சூடாக்கும் கணக்கு 1-க்கும் கீழே. பழைய ஏ.சியில் சின்ன மாற்றங்கள் போதும். ஆனால், லேசாகத் தீப்பிடிக்கும். 2012-ல் ஜெர்மனியின் டெய்ம்லர் நிறுவனம் நடத்திய சோதனையில் சூடான எஞ்சின் மேல் பட்டு எரிந்தது; எரிந்தால் நச்சு வாயுவும் வரும். காரில் தீ என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி ஓடலாம். வானத்தில் எங்கே ஓடுவது? காற்றில் அது சில நாட்களில் சிதைந்து மழையோடு இறங்கும்போது நீரில் எளிதில் அழியாத ஓர் அமிலம் மிஞ்சுகிறது என்பது சமீபத்திய கவலை. விலையும் பல மடங்கு.

கார்பன் டை ஆக்ஸைடு. ஆம், அதேதான். வில்லனையே வேலைக்கு வைப்பது. கணக்கு வெறும் 1. தீயை அணைக்கும், பற்றவைக்காது. எங்கும் கிடைக்கும். மெர்சிடிஸ் கார்கள் சிலவற்றில் வந்தும்விட்டது. இதன் தோஷம் நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. 31 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஸ்டாக்ஹோமில் அது பிரச்னையே இல்லை. திண்டுக்கல்லில் காலை பத்து மணிக்கே வெளியே 31 டிகிரியைத் தாண்டிவிடும் நாட்கள்தான் அதிகம். அப்போதும் ஓட்டலாம், ஆனால், 100 மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோக வேண்டும், குளிர்ச்சிக்குச் செலவாகும் சக்தியும் ஏறும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கக் குழாய்கள் தடிமனாக வேண்டும். தடிமன் என்றால் எடை. மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளை, இந்த முறை புத்தகப் பையோடு.

மூன்றாவது, ஆர்-152ஏ. கணக்கு 124, மலிவு, நன்றாகக் குளிர்விக்கும். ஆனால், நன்றாகவே எரியும். இதை எப்படி வண்டிக்குள் வைப்பது என்பதற்கு ஒரு பதில் இந்தியாவிலேயே சோதிக்கப்பட்டது. டாடா மோட்டார்ஸும் மாலே நிறுவனமும் சேர்ந்து ஒரு காரில் இரட்டைச் சுற்று ஏ.சியை ஓட்டிப் பார்த்தன. எரியும் வாயு எஞ்சின் பக்கமே ஒரு சின்ன வட்டத்துக்குள் நின்றுகொள்ளும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் போன்ற ஒரு திரவத்தை அது குளிர்விக்கும். பயணிகள் பக்கம் வருவது அந்தக் குளிர்ந்த திரவம் மட்டும். வாயுவின் அளவும் குறையும், இணைப்புகளும் குறையும், தீ பயமும் உள்ளே வராது. சிக்னலில் எஞ்சினை அணைத்தாலும் குளிர்ந்த திரவம் கொஞ்ச நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும், ஃபிளாஸ்க் மாதிரி.

காருக்குச் செய்த இந்த ஏற்பாடு ஹெலிகாப்டருக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். தரையில் நிற்கும்போதே வெளி மின்சாரத்தில் திரவத்தை ஜில்லென்று ஆக்கி வைத்துக்கொள்ளலாம். எழும்பும் அந்தச் சில நிமிடங்கள் எஞ்சினிடம் ஒரு வாட்கூடக் கேட்காமல், சேமித்த குளிர்ச்சியில் ஓட்டிவிடலாம். மேலே போய் வேகம் பிடித்தபின், எஞ்சின் ஆசுவாசமான பிறகு, கம்ப்ரஸரை மறுபடி ஓட்டலாம். திரவத்துக்கும் பம்புக்கும் எடை உண்டு என்பதுதான் கணக்கு போட வேண்டிய இடம். மூன்று வரன்களில் நம் தட்பவெப்பத்துக்குக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கத் தகுந்தது இதுவாகத்தான் தெரிகிறது.

ஒரு நேர்மையான கணக்கு

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. ஹெலிகாப்டரின் பாவக் கணக்கில் ஏ.சி வாயு சின்னப் பகுதிதான். சிறிய டர்பைன் ஹெலிகாப்டர் ஒன்று மணிக்குச் சுமார் 150 லிட்டர் எரிபொருள் குடிக்கிறது என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் 375 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அதன் ஏ.சியில் இருந்து வருடத்துக்கு இரண்டு கிலோ வாயு கசிந்தால், ஏழரை மணி நேரம் பறந்ததற்குச் சமம். வருடம் 300 மணி நேரம் பறக்கும் வண்டிக்கு அது நூறில் இரண்டு, மூன்று பங்கு. ஆகவே, வாயுவை மாற்றுகிறேன் என்று எடையைக் கூட்டும் வடிவமைப்பு, சல்லடை வாங்கி மாவை விற்ற கதை. எடை, சக்தி, கசிவு மூன்றையும் ஒரே தராசில் வைத்துத்தான் இங்கே 'பசுமை' என்ற வார்த்தையைப் பேச முடியும்.

அப்படிப் பார்த்தால் மிகச் சிறந்த ஏ.சி, வேலையே வைக்காத ஏ.சிதான். வெயில் உள்ளே வராமலே செய்துவிட்டால்? கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் விட்டு வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் பூச்சு, கூரைக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே நல்ல வெப்பத் தடுப்பு, வெள்ளை நிறப் பெயின்ட், தரையில் நிற்கும்போது கண்ணாடி மேல் ஒரு போர்வை. கிலோ கணக்கில் அல்ல, கிராம் கணக்கில் எடை. போர் ஹெலிகாப்டருக்கு வெள்ளை அடிக்க முடியாது. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கு அடிக்கலாமே! இரண்டு அயர்ன்பாக்ஸில் ஒன்றை அணைத்துவிட்டாலே ஒன்றரை டன் ஏ.சி ஒரு டன்னாகச் சுருங்கும். அதோடு அதன் எடையும், அது குடிக்கும் எரிபொருளும், அதற்குள் இருக்கும் வாயுவும் சுருங்கும்.

இன்னொரு குறுக்குவழி, அறையை விட்டுவிட்டு ஆளைக் குளிர்விப்பது. அமெரிக்க ராணுவம் தன் ஹெலிகாப்டர் விமானிகளுக்குக் குளிர்நீர் ஓடும் மெல்லிய குழாய்கள் தைத்த உள்சட்டையைக் கொடுத்திருக்கிறது. அதற்கு நீரைக் குளிர்விக்க ஒரு சின்னப் பெட்டி போதும். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ அண்ணன்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

ஒவ்வொரு யூனிட்டும் தூரம்

இந்தக் கணக்கெல்லாம் இன்னும் இறுகப்போகும் இடம் சென்னையில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி-யில் பிறந்த தி இபிளேன் நிறுவனம் 'இ200எக்ஸ்' என்ற மின்சார வானூர்தியை உருவாக்கிவருகிறது. ஹெலிகாப்டர் போல நின்ற இடத்திலேயே எழும்பும், விமானம் போல இறக்கையில் பறக்கும். 2025 பிப்ரவரியில் பெங்களூரைச் சேர்ந்த வான் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்று 788 வானூர்திகளுக்கு இதனோடு ஒப்பந்தம் போட்டது. நெரிசலான ஊர்களில் நோயாளியை மேலாகத் தூக்கிச் செல்வது நோக்கம்.

பேட்டரியில் பறக்கும் வண்டியில் ஏ.சி என்பது தூரத்தைத் தின்னும் பிராணி. ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12 யூனிட் அளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ பேட்டரியில் தோராயமாக ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சின் அந்த 12-ல் பெரும்பகுதியைச் சூடாக வீணடித்தாலும் வித்தியாசம் மலையளவு. இரண்டு கிலோவாட் ஏ.சியை அரை மணி நேரம் ஓட்ட ஒரு யூனிட் வேண்டும். அதற்கு மட்டும் ஐந்து கிலோ பேட்டரி. மறுபக்கம், உள்ளே படுத்திருப்பது நெஞ்சுவலியோடு இருக்கும் ஒருவர். "இன்னும் பத்து நிமிஷம்தான், பொறுத்துக்கோங்க" என்று அவரிடம் சொல்ல முடியாது. பழைய ஹெலிகாப்டரில் கடைசியாக யோசித்து மாட்டிய ஏ.சியை, இந்த வகை வண்டிகளில் முதல் நாளிலேயே, கண்ணாடியின் அளவைத் தீர்மானிக்கும்போதே, வரைந்தாக வேண்டும். பேட்டரியையும் குளிர்விக்கக் கூலன்ட் ஓடும் வண்டிகளில் இரட்டைச் சுற்றில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

கிகாலி அட்டவணைப்படி இந்தியாவின் ஆர்-134ஏ குடும்பப் பயன்பாடு 2028-ல் உச்சவரம்போடு நிற்க வேண்டும். பிறகு 2032-ல் 10 சதவிகிதக் குறைப்பு, 2037-ல் 20, 2042-ல் 30, 2047-ல் 85 சதவிகிதம். அதுவரை நாட்டில் ஓடும் கோடிக்கணக்கான கார்களுக்கும் ஒரு சில நூறு ஹெலிகாப்டர்களுக்கும் இதே வாயுதான் சோறு. ஆக, வானத்துக்குப் போகும் வாயுவில் பெரும்பகுதி வானத்தில் பறப்பவற்றிலிருந்து அல்ல, ரோட்டில் ஓடுபவற்றிலிருந்துதான்.

வருடா வருடம் சித்திரை பிறந்ததும் பட்டறைக்குப் போய் "கூலிங் பத்தல, கேஸ் அடிச்சு விடுங்கண்ணே" என்பது பழக்கமாகிவிட்டது. மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. அதை அடைக்காமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. மிச்சம் இருக்கும் வாயுவை வெளியே திறந்துவிடாமல் இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து, திரும்பவும் அதையே நிரப்பித் தரும் பட்டறைகளும் இருக்கின்றன. விசாரித்துப் போனால் கூலி கொஞ்சம் கூடும், கேஸ் காசு குறையும். ஓட்டையைக் கண்டுபிடிக்க மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. அது இல்லாத இடத்தில் குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி எங்கே வருகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் ஹெலிகாப்டர் நிற்கும் கொட்டகைக்குள்ளும், கடைசியில், அதே சோப்புக் குமிழிதான்.